தறிக்குழியில் எழுந்த புற்று

அருப்புக்கோட்டை,
14-11-1968

அன்புத் தம்பி திம்மையாவுக்கு, அண்ணன் நாகசுப்பிரமணியன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம். உன் மதினி பாலாமணி என்னைவிடச் சுகம். நம் வீட்டுச் சுவருக்குள் குடியிருக்கும் கரையான்கள் எங்கள் இருவரையும்விடச் சுகம். சேலத்தில் நீயும் உன் வீட்டிலும் கல்யாணப் பெண் கோகிலாம்பாளும் சுகந்தானா என்று எழுதவும்.

கோகிலாவின் கல்யாணத்தைத் தை மாதம் இந்த வீட்டில்தான் நடத்துவதென்று நீ பிடிவாதமாக இருக்கிறாய். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொல்வதென்றால், வேண்டாம். ஏன் வேண்டாம் என்று கேட்பாய். கேள்வி கேட்பவனுக்கு விளக்காமல் விடுவது எனக்கு முப்பத்தொரு வருஷமாகப் பழக்கமில்லை.

புரட்டாசியில் ஒருநாள் என் பழைய பாடக்குறிப்பு நோட்டுகள் இருந்த மரப்பெட்டியைத் திறந்தேன். அட்டைகள் இருந்தன, பாடம் இல்லை. சரித்திரம், பூகோளம் இரண்டையும் கரையான் வரி விடாமல் முடித்திருந்தது. என்னிடம் படித்தவர்களில் இத்தனை முழுமையாக உள்வாங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை என்பதால் முதலில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் புறப்பட்ட மண்கோடு ஒன்று சுவரில் ஏறி, சாமி படத்தை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு, நடுக்கூடத்து உத்திரத்தில் போய் முடிந்தது. கைத்தடியால் உத்திரத்தைத் தட்டினேன். உதாரணமாக, முற்றிய தேங்காயைத் தட்டினால் ஒரு சத்தம் வரும், காலி டப்பாவைத் தட்டினால் ஒரு சத்தம் வரும். இது இரண்டாவது. அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான் நீ மணவறை போடச் சொல்கிறாய்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். கரையான் ஒரு சாண் தள்ளிப் போனது, நாங்கள் இருவரும் வாசலுக்குப் போனோம். வேப்பெண்ணெய் பூசினேன். அதில் கை பட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததில் மூன்று நாள் எனக்கு எல்லாமே கசந்தது, கரையானுக்கு ஒன்றும் கசந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் விவசாய டிப்போவில் பூச்சிமருந்துப் பொடி வாங்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவர் முழுக்கத் தூவினேன். அதற்குப் பலன் இருந்தது. கூடத்துச் சுவரிலிருந்து கரையான் போயே போய்விட்டது. எங்கே போனது என்று கேள். பின்னறையில் அப்பாவின் தறி இருந்ததே, நாம் இருவரும் உத்தியோகம் பார்க்கப் போனபின் தறியை விற்று, கால் விட்டு உட்காரும் குழியை வண்டிமண் போட்டு மூடினோமே, அந்த இளகிய மண்ணுக்குள் போய் இறங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு அங்கிருந்து புற்றாகக் கிளம்பி, பத்தே நாளில் என் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

புற்றை முதலில் நான் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பார்த்தது உன் மதினி. நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டாகிவிட்டது. "இதென்ன?" என்றேன். "மாமா உக்காந்து தறி நெஞ்ச குழி. வேற எடமா இல்ல ஆத்தாளுக்கு? அங்கன எந்திரிச்சிருக்கான்னா சும்மாவா?" என்றாள். தமிழில்தான் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு நம் வீட்டுக் கன்னடம் வரும். தமிழில் நிதானமாகப் பேசினாள் என்றால் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுத் தங்கத்தாய் தலைமையில் பெண்கள் பாலும் முட்டையுமாக வந்து இறங்கினார்கள். என் வீட்டுப் பின்னறைக்குள் நான் நுழையப் போனால் தங்கத்தாய், "வாத்தியாரய்யா, செருப்பக் கழட்டிப் போட்டு வரிசையில வாங்க. எங்களுக்கு முந்தி என்ன அவசரம்?" என்கிறாள். பாலில் ஊறிய மண்ணில் கரையான் தழைத்தது. முட்டைக்கு எலி வந்தது. எலி வந்துவிட்டதே என்று நான் கவலைப்பட்டால் தங்கத்தாய்க்கு ஒரே சந்தோஷம். "எலி வந்தாச்சுல்ல, இனி அவுக வந்துருவாக" என்றாள். "யாரு வருவாக?" என்றேன். "அவுகதான். பேரு சொல்லக் கூடாது. நெளிஞ்சு நெளிஞ்சு வருவாகள்ல, அவுக." தம்பி, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டிய வீட்டில் வேறு யாரை வரவேற்கத் தயாராகிறார்கள் என்று புரிகிறதா?

திருச்சுழிப் பக்கம் மொக்கையன் என்று ஒரு ஆள். புற்றைத் தோண்டி ராணிக் கரையானை எடுத்துவிடுவதில் கெட்டிக்காரன். ஆள் விட்டு அழைத்தேன். கடப்பாரையோடு வந்தவன் மஞ்சளைப் பார்த்ததும் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுக் கும்பிட்டான்.

"அய்யா, இது பூசை பாத்த புத்துல்ல! இதுல நான் எப்படிக் கைய வைக்கிறது?"

"பூச ஆரம்பிச்சு பத்து நாள்தானப்பா ஆச்சு."

"பத்து நாளுக்கு முந்தியில்ல என்னயக் கூப்புட்டிருக்கணும்? பூசுறவுக கையப் பிடிக்காம விட்டுப்புட்டு எங்கையில கடப்பாரையக் குடுக்குறீகளே!"

என் கையில் படித்திருந்தால் இவன் வக்கீலாகியிருப்பான் என்று தோன்றியது. அவனே ஒரு வழியும் சொன்னான். பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டிப் புற்றின் முன் போட்டு, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் தோண்ட உத்தரவு, சிவப்பு வந்தால் அம்மன் அங்கேயே இருப்பாள். எல்லோரும் சம்மதித்தார்கள். பொட்டலம் கட்டும் பொறுப்பை, வாத்தியார் தில்லுமுல்லு செய்யமாட்டார் என்று என்னிடமே கொடுத்தார்கள்.

திம்மையா, பார்த்து எழுதிய பையன்களை நான் எத்தனை முறை பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்த நான், அந்த உத்திரத்தையும் அதன் கீழே கோகிலாவையும் நினைத்துக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப்பூவையே வைத்துக் கட்டினேன். கட்டி ஜன்னலில் வைத்துவிட்டு, வேர்த்துப்போய் முகம் கழுவக் கொல்லைக்குப் போய்வந்தேன். தங்கத்தாய் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். செவ்வரளி! பெண்கள் குலவையிட்டார்கள். நான் பாலாமணியைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கடிகாரம் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அவளை நான் கேட்க வேண்டுமானால், நான் என்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 

ஆகையால், தம்பி, பத்திரிகையில் நம் வீட்டு விலாசத்தைப் போடாதே. விருதுநகரில் ஏதாவது மண்டபம் பார். உன் மனசு கஷ்டப்படும் என்று தெரியும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தலைமேல் வீடு விழுந்தால் அது இன்னும் கஷ்டம்.

கோகிலா நூறாண்டு வாழ, உன் வீட்டு மரச்சாமான்கள் அதற்குமேலும் வாழ, அம்மனை வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்,
நாகசுப்பிரமணியன்.

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போகாமல் இந்தக் கடிதம் ஐந்து நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதெல்லாம் ரத்து. எழுதிய மறுநாளே பாலவனத்தம் பஸ்ஸில் உன் சம்பந்தியம்மா லிங்கம்மாள் வந்து இறங்கினார்கள். புற்றைப் பற்றி அங்கேயும் சேதி போயிருக்கிறது. விழுந்து கும்பிட்டுவிட்டு, "கலியாணம் இந்த ஆத்தா மொகத்துலதான் நடக்கணும். நானும் அதுவரைக்கும் இங்கனயே கெடந்து பூச பண்ணப் போறேன்" என்று பெட்டியை வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயாரை யார் போகச் சொல்வது? முதல் நாள் பாலாமணி வைத்த ரசத்தில் புளி தூக்கல் என்றார்கள். இரண்டாம் நாள் அடுப்படி டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கினார்கள். மூன்றாம் நாள் ரசத்தை அவர்களே வைத்தார்கள். நான்காம் நாள் விடிந்ததும் உன் மதினி, அம்மன் கனவில் வந்து, "இங்க ரொம்ப நெருக்கடியா இருக்கு, என்னயக் கோயில்ல கொண்டுபோய் விடு" என்று சொன்னதாகச் சொல்லி அழுதாள். பூக்கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கன்னடத்தில் பதில் வந்தது.

மொக்கையனும் இறங்கிவிட்டான், ராணியும் அகப்பட்டது. புற்று மண்ணை ஏழு கூடையில் அள்ளி, கொட்டு மேளத்தோடு நம் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். முதல் கூடையைச் சம்பந்தியம்மாவே தலையில் சுமந்தார்கள். நாளை ஆசாரி வந்து உத்திரத்தை மாற்றுகிறார். பத்திரிகையை அச்சுக்குக் கொடு, கல்யாணம் நம் வீட்டில்தான். அம்மன் இருக்கிற இடத்தில்தான் தானும் இருப்பேன் என்று சம்பந்தியம்மா கோயில் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். பாலாமணி மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சாப்பாடு அனுப்புகிறாள். ரசம் மட்டும் அனுப்புவதில்லை.