சாயக்காரன் விரலும் தேர்தல் மையும்

பெரிய காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய சிவராஜ் மச்சான் அவர்களுக்கு, கந்தன் கைகூப்பி எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கு எல்லாம் நலம், என் வயிறு ஒன்றைத் தவிர.

வார்டு தேர்தலில் நீங்கள் ஒரே ஓட்டில் தோற்றதற்கு நான்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களாம். இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னீர்களாம். அதைக் கேட்ட அன்றே உங்கள் தங்கை கலாவதி எனக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டாள். "எங்க அண்ணன் வந்து இந்த வூட்ல சாப்புடட்டும், அப்பறம்தான் உங்களுக்கு சோறு" என்கிறாள். ஓட்டல் இட்லி தின்று நாக்கு செத்துவிட்டது மச்சான்.

நடந்தது இதுதான். நான் சாயம் முக்குகிறவன் என்பது உங்களுக்குத் தெரியாததா? தேர்தலன்று காலை, முகூர்த்தப் புடவைக்கான பட்டு நூலை மயில் கழுத்து நிறத்தில் முக்கி எடுத்துவிட்டு, அப்படியே சாவடிக்குப் போய் இடது கையை நீட்டினேன். முழங்கை வரை நீலம். ஏற்கெனவே மை இருக்கிறதே என்றார் அங்கே மை வைக்கிற அம்மா. பத்து விரலும்தான் நீலம், பத்து ஓட்டா போட்டிருப்பேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உங்களை எதிர்த்து நின்ற மங்கையர்க்கரசியின் ஏஜெண்டு கோதண்டபாணி எழுந்து, "கேட்டுக்கினீங்களாம்மா? அவரே ஒத்துக்கினாரு" என்றான். வீட்டுக்கு ஓடிவந்து சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்ததில் தோல் போனது, நீலம் போகவில்லை. திரும்பப் போனால், மையை அழிக்கப் பார்த்தவருக்கு ஓட்டே கிடையாது, அதுதான் சட்டம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக, என் ஓட்டு யாருக்குமே விழவில்லை. கலாவதியின் ஓட்டு உங்களுக்குத்தான், அதற்கு நான் பொறுப்பு. என் பேச்சைத் தாண்டி இந்த வீட்டில் ஒரு விரல் அசையாது. கோபத்தை விட்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

பசியோடு,
தங்கள் மைத்துனன் கந்தன்

பி.கு.: அண்ணா, கலாவதி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவரைத் திட்டாதே, பாவம். அவர் போட்டிருந்தாலும் சமமாகி, சீட்டுக் குலுக்கித்தான் பார்த்திருப்பார்கள். நீ கவுன்சிலராக இருந்தவரை எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடம் தூக்கினவள் நான். அதனால் மங்கையர்க்கரசிக்குப் போட்டேன். உங்கள் சண்டை தீரட்டும் என்றுதான் இவரைப் பட்டினி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. அண்ணியிடம் கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் போட்டோம்.