ஓடாத காலணிக்குள் பன்னிரண்டு சொற்கள்

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள் வாசகரே: எவரும் சோதித்துப் பாராத லிஃப்டில் எட்டாவது மாடிக்கு ஏறுவீர்களா?

நான் ஏறமாட்டேன். ஏனெனில் என் மனைவி லிஃப்ட் சோதனை அதிகாரி. அவள் கம்பியைச் சோதித்துச் சான்றிதழ் ஒட்டினால்தான் எங்கள் குடியிருப்பே மேலேறும். இருந்தும் பணத்திற்குச் சோதனை எதற்கு என்று வாதிட்ட அறிவாளி அடியேன்.

கிரிப்டோ நாணயச் சந்தைக்குக் கட்டுப்பாடு தேவையா என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. இன்று மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது. ‘கூடாது’ என்பதைப் பதினொரு பக்கங்களில் எழுதி, சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் முழங்கினேன்.

“வேலியே பயிரை மேயும்! அரசாங்கம் கிட்டவே வரக்கூடாது. சாவி யார் கையில இருக்கோ, சொத்து அவங்களுது. அவ்வளவுதான் சட்டம்!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சொன்னா சொன்னதுதான்!”

என் வீரத்துக்குக் காரணம் உண்டு. சொந்த வீட்டுக்காக இருவரும் ஏழாண்டுகள் சேர்த்ததை, அவளறியாமல் கிரிப்டோவாக மாற்றியிருந்தேன். அதைத் திறக்கும் சாவி பன்னிரண்டு இரகசியச் சொற்கள். அவற்றை எழுதிய சீட்டு, நான் வாங்கி ஒருநாளும் ஓடாத ஓட்டக் காலணிக்குள் உறங்கியது.

முழக்கம் முடிந்த பெருமிதத்தில் கைபேசியைத் திறந்தேன். இருப்பு: பூஜ்யம்.

“ஐயோ! வீடு போச்சு!”

“எந்த வீடு?”

உண்மையைக் கக்கினேன். அவள் கண் இமைக்கவில்லை.

“யார்கிட்ட புகார் கொடுப்பீங்க?”

“அரசாங்கத்துக்கிட்டதான்!”

“கிட்ட வரக்கூடாதுன்னீங்களே?”

“தூரத்துல நின்னாவது பிடிக்கட்டும்!”

அவள் பேனாவை எடுத்தாள். “என்ன வேணும்னு சொல்லுங்க, எழுதறேன்.”

“சந்தை நடத்துறவனுக்கு உரிமம்! வருஷா வருஷம் சோதனை! ஏமாந்தவன் போய் நிக்க ஒரு ஆபீஸ்! அங்க ஒரு ஆள்!”

“ஆளுக்கு நாற்காலி?”

“அதுவும்தான்!”

கண்ணீரோடு கையெழுத்திட்டேன். அவள் தாளை மடித்துக்கொண்டாள்.

“இப்ப மூச்சு விடுங்க. போன வாரமே அந்தக் கிரிப்டோவை நான் வித்துட்டேன். பணம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற நம்ம பழைய பேங்க் கணக்குக்கே திரும்பிடுச்சு. இனிமே ரெண்டு கையெழுத்து இல்லாம யாரும் தொட முடியாது.”

“என்னைக் கேக்காமலா? அநியாயம்!”

“சாவி என் கையில இருந்துச்சு. உங்க சட்டம்தானே?”

“அந்தச் சீட்டு எப்படி...?”

“ஓடவே ஓடாத ஷூவை ஒரு மனுஷன் தினம் மூணு தடவை எட்டிப் பார்த்தா? ஏங்க, அசையாம நிக்கிறதைத்தானே நான் முதல்ல சோதிப்பேன்!”

அன்பரே, கம்பியைச் சோதிப்பவர் நாம் உயர்வதைத் தடுப்பவரல்லர், வீழ்வதைத் தடுப்பவர். வேலி பயிரை மேயுமோ என்று அஞ்சி வேலியையே பிடுங்கினால், ஊர் மாடெல்லாம் விருந்துக்கு வரும். நல்ல வேலியைக் கேட்டு வாங்குவோம். வரும் ஞாயிறு நாங்கள் வீடு பார்க்கப் போகிறோம்.

ஆகவே நாளை என்னாதீர். ஆறு மணி ஆக இன்னும் நேரமிருக்கிறது. என் கையெழுத்திட்ட தாளை என் கருத்தாக என் மனைவி அனுப்பிவிட்டாள். உங்கள் கருத்தையாவது, வீட்டில் எவரும் முந்துமுன், இன்றே நீங்களே அனுப்பிவிடுங்கள்!