மச்சான் கொடுத்த கடிகாரம்

மரியாதைக்குரிய மச்சான் ஜெரால்ட் அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஆசீர்வாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான், மேரி, உங்கள் மருமகள் ஹெலன் மூவரும் சுகம். அத்திப்பட்டில் உங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு நீங்கள் கொடுத்த சுவர்க் கடிகாரத்துக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். போன் இருக்கிறதே என்பீர்கள். நேரம் பார்க்கப் போனை எடுத்தால் நேரமே போய்விடுகிறது மச்சான்! அதனால் கடிகாரத்தைத்தான் நம்பினோம். ஷிப்ட் பஸ்ஸை விடக்கூடாதென்று அதைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். எனக்குத் தெரியாமல் உங்கள் தங்கை ஒரு பத்து தள்ளினாள். எங்கள் இருவருக்கும் தெரியாமல் ஹெலன் ஒரு பத்து. ஆளாளுக்குப் பத்து நிமிஷம் லாபம் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். நான் மட்டும் தினமும் பஸ் ஸ்டாப்பில் நாய்களோடு நின்றேன். அவை இப்போது என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை.

போன வாரம் ஹெலனுக்குக் கம்பெனியில் முதல் நாள். கம்பெனி பஸ்ஸை விட்டால் வேலை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல நாளில் பொய்க் கடிகாரம் வேண்டாமென்று முந்தின நாள் சாயங்காலமே யாரிடமும் சொல்லாமல் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். அங்கேதான் வந்தது வினை. காலையில் ஹெலன் தலையைப் பின்னிக்கினே, "டைம் நெறைய கீது நைனா, அது ஃபாஸ்ட்டு"ன்றா. மேரி, "எனுக்குத் தெரியாதா? மெதுவா துன்னுட்டுப் போவட்டும்"னு இன்னொரு ஈடு இட்லி ஊத்தறா. சரி பண்ணின நானோ, பழக்கதோஷத்தில் பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொண்டு ஷேவிங் செய்துகொண்டிருந்தேன்!

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. பிள்ளை அழ ஆரம்பித்தாள். ஒரு கன்னத்தில் சோப்போடு பைக்கை எடுத்தேன், பின்னால் ஹெலன், அவளுக்குப் பின்னால் டிபன் பாக்ஸோடு மேரி. பார்த்தால், ரயில்வே கேட் மூடியிருக்கிறது, பஸ் அங்கே நிற்கிறது! டிரைவர் குப்புராஜ் எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு இந்த ஓட்டம்? கூட்ஸு போவ இன்னும் நேரம் கீது. பாப்பாவ துன்ன சொல்லும்மா" என்றார். மேரி அங்கேயே நின்று இட்லியைப் பிட்டு ஊட்டினாள். ஹெலன் ஒரு வாய் எனக்குக் கொடுத்து, என் கன்னத்துச் சோப்பைத் துப்பட்டாவால் துடைத்தாள். நாங்கள் மூவரும் சேர்ந்து நின்று சாப்பிட்டு எத்தனை மாசமாச்சு தெரியுமா? எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ரயில்வேயில் யாரையும் தெரியாததால் அந்த நன்றியும் உங்களுக்கே.

வேலை நிலைத்துவிட்டது. இனிமேல் கடிகாரம் உள்ளதைத்தான் காட்டும், கொஞ்சம் முன்னால் எழுந்து சேர்ந்து சாப்பிடுவோம் என்று மூவரும் பேசி முடித்துவிட்டோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள். கர்த்தர் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
ஆசீர்வாதம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது பார்த்தேன், கடிகாரம் முப்பது நிமிஷம் முன்னால் ஓடுகிறது. பத்து நான் வைத்தது. மீதி இருபதைப் பற்றிக் கேட்டால் மேரி ஹெலனைக் காட்டுகிறாள், ஹெலன் மேரியைக் காட்டுகிறாள்.