நான்காம் அத்தியாயத்து அப்பா

மனைவி எழுதிய சிறுவர் நாவலில் தன் மானம் போக விடுவதில்லை என்று வாகீசன் சபதம் எடுத்தபோது, அது அச்சுக்குப் போக இரண்டே நாள் இருந்தது.

கதை அவர்கள் வீட்டுக் கதைதான். ஒன்பது வயது மகள் ஆரணி சப்பாத்துத் தேடுவது, கொக்குவில் ரயில் கடவையில் நின்று கை காட்டுவது, அம்மாவோடு சண்டை பிடிப்பது. அத்தனை அழகாக எழுதியிருந்தாள் தர்சினி. வாகீசனே ஒவ்வொரு பக்கமாக ரசித்து வாசித்தார், நான்காம் அத்தியாயம் வரை. அதில் அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, "புட்டு அவிஞ்சுதோ?" என்று மூன்று தரம் கேட்கிறார். வேறு வேலை அவருக்கு இல்லை.

"என்னப்பா இது? ஊர் சிரிக்காதோ?"

"கண்டதைத்தானே எழுதலாம்?"

"நான் கோயில் பரிபாலன சபைச் செயலாளர். தெரியுமோ உமக்கு?"

"அப்ப நீங்களே திருத்துங்கோ. நான் ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

விடுவாரா மனுசன்! பேனையை எடுத்து அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். இப்போது கதையில் அப்பா விடிய எழும்பினார். தேங்காய் திருவினார். பூப்போலப் புட்டு அவித்தார். மகளுக்கு இரட்டைப் பின்னலும் பின்னிவிட்டார்.

வெளியீட்டு விழாவில் மதிப்புரை சொன்ன லூர்த்தம்மா ரீச்சர் அந்த அத்தியாயத்தில் உருகிப்போனார். "இப்பிடியொரு தகப்பன் எங்கடை ஊரிலை இருக்கிறாரோ?" என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாகீசன் எழும்பி, "அது நான்தான்" என்று கும்பிட்டார். மண்டபமே கைதட்டியது.

பிறகு தர்சினி ஏற்புரைக்கு எழும்பினாள். எல்லாருக்கும் நன்றி சொன்னாள். கடைசியாக, "ஆரணியின்ரை வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் ஞாயிறு காலமை எங்கடை வீட்டுக்கு வாங்கோ. அப்பாவின்ரை கையாலை புட்டு!" என்றாள்.

ஞாயிறு வந்தது. முற்றத்தில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். குசினியில் வாகீசன், முழங்கைவரை மா. முதல் அவித்தது கல். அடுத்தது களி. மூன்றாவதை ஆரணி வாயில் போட்டு, "அப்பா, உண்மையாவே நல்லாயிருக்கு!" என்று கட்டிப்பிடித்தாள். மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தர்சினியின் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்வது! பதினொரு வருஷம் வாயால் சொல்லி அசைக்க முடியாத ஆளை ஒரு சின்னப் புத்தகத்தால் குசினிக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

"இண்டையோடை சரிதானே?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"இஞ்சருங்கோ, ரெண்டாம் பாகம் நேற்றே அச்சுக்குக் குடுத்திட்டன்," என்றாள் தர்சினி. "அதிலை அப்பா உடுப்பும் தோய்க்கிறார்."