மோப்பக்கா சொன்ன "பாஸ்"

மோப்பக்காவுக்கு அன்று தெரியுமா, தெரியாதா?

ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வியோடுதான் துணி மடிக்கிறேன், சோறு பிசைகிறேன், கதவைப் பூட்டியபின் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பதில் மட்டும் வரவில்லை.

பெங்களூரு மர்பி டவுனில் நாங்கள் குடியிருந்த சந்தில், மோப்பக்காவுக்குப் பயப்படாத உயிர் எதுவுமே கிடையாது. போலீஸ் ஜீப் வந்தால் அசையாதவர்கள்கூட அக்கா தலை தெரிந்தால் குழாயடிக்கு ஓடுவார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றுப்போக்கில் துவண்டுபோன பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி, உலகத்தில் ஒரே ஒரு பிரச்சினைதான், அது சோப்புப் போடாத கை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

எதிரில் வருகிறவரின் இரண்டு கைகளையும் பிடிப்பார். மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு. பிறகு தீர்ப்பு: "பாஸ்" அல்லது "பெயில்". அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டார். வரிசை மெயின் ரோடு வரை போய்விட்டது. பூசாரி கெஞ்சினார்.

"யக்கா, அம்மன் காத்துனு இருக்கா."

"அம்மன் கைய நான் கேட்டனா? உன் கையக் காட்டு."

பூசாரி பெயில்.

கல்யாணங்களுக்கு மொய்யாக ஒரு டஜன் சோப்புதான் வைப்பார், பளபளக்கும் காகிதம் சுற்றி. ஒரு மாப்பிள்ளை மேடையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு, யார் தன்னை நாறுகிறான் என்று சொன்னது எனப் பெண் வீட்டாரோடு சண்டைக்குப் போனார்.

எங்கள் சந்தின் உண்மையான கஷ்டம் சோப்பு இல்லை, தண்ணீர். மூன்று நாளைக்கு ஒரு முறை குழாயில் வரும். வராத நாட்களில் யார் கை கழுவுவார்கள்? கேபிள்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டைப் பையில் ஒரு சோப்புத் துண்டு. அக்காவைக் கண்டதும் உள்ளங்கையில் வறட்டுத் தேய்ப்பு. மல்லிகை மணக்கும்.

அக்கா பிடித்தார், மூச்சிழுத்தார். "பெயில்."

"யக்கா! கமகமன்னு இருக்கே!"

"போடா கலீஜு. போய்த் தண்ணி ஊத்திக் கழுவு."

வாசனைக்குள் ஒளிந்திருக்கும் பொய்யையும் அந்த மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது என்று சந்தே மிரண்டது.

என்னிடம் மட்டும் அக்காவுக்குத் தனிப் பிரியம். நான் திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பி.எட். படித்தவள். குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படிப்பேன். "கையின்னா நிலா அம்மா கை. பாத்துக் கத்துக்கோங்க" என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாராட்டு ஒரு பாரம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வாரம் தண்ணீர் வரவே இல்லை. லாரி சந்துக்குள் திரும்ப முடியாமல் போய்விட்டது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடம் குடிதண்ணீர். என் மகள் நிலாவுக்கு ஒரு வயது. அவளுக்கு மலம் துடைத்து நாப்பி மாற்றியிருந்தேன். பசியில் வீல் வீலென்று கத்தினாள். இன்று ஒரு நாள்தானே என்று நினைத்தேன். கேபிள்காரர் செய்ததைச் செய்தேன். காய்ந்த சோப்பைக் கையில் நன்றாகத் தேய்த்து, நைட்டியில் துடைத்துக்கொண்டு, தயிர் சாதம் பிசைய உட்கார்ந்தேன்.

வாசலில் அக்கா. "எங்க கண்ணு, கை?"

நீட்டினேன். பிடித்தார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடித்திருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியதா என்று தெரியாது. ஒரு முறை குடத்தைப் பார்த்தார். அழும் குழந்தையைப் பார்த்தார்.

"பாஸ்" என்றார். போய்விட்டார்.

இரண்டாம் நாள் நிலாவுக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. அந்தச் சின்னக் கையில் ஊசி இறக்க நரம்பு கிடைக்காமல் நான்கு முறை குத்தினார்கள். அக்கா எங்களோடேயே இருந்தார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரைப் படுக்கைக்கு இரண்டடி முன்னாலேயே மறித்தார்.

"டாக்டர், கை."

அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். பெயில். பேசாமல் போய்க் கழுவிவிட்டு வந்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. எதனால் வந்தது டாக்டர் என்று கேட்டேன். "எதனாலும் வந்திருக்கலாம்மா" என்றார். அதைவிடக் கொடூரமான பதில் இருக்க முடியாது.

நர்ஸ், வார்டு பாய், சாப்பாடு கொண்டுவந்த என் கணவர் என்று ஒருவரையும் அக்கா விடவில்லை. அங்கே இருந்த மூன்று நாளும் என் கையை மட்டும் கேட்கவில்லை.

நிலா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி, அக்கா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "இது கைக்கு மட்டும். குடிக்கறதுக்கு இல்ல, சொல்லிட்டேன்." அன்றிலிருந்து தினமும். வேண்டாமென்றால் திட்டுவார்.

சில மாதம் கழித்துச் சாக்கடையில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்து சந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. அக்கா மட்டும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாத்தம் தெரியலையா?"

"கொரோனா வந்தப்பவே மூக்கு போயிடுச்சு கண்ணு. மல்லியும் ஒண்ணுதான், இந்தச் சாக்கட மோரியும் ஒண்ணுதான் எனக்கு."

"அப்போ... கையெல்லாம் மோந்து பாப்பீங்களே?"

"அது சும்னே, சும்மா ஒரு பயத்துக்கு. கழுவின கை ஜில்லுன்னு இருக்கும். விரல் இடுக்குல ஈரம் நிக்கும். பிடிச்சாலே தெரிஞ்சிடுமே."

மீதி இட்லியைத் தொடர்ந்து சாப்பிட்டார். நான் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அன்று என் கை சருகாகக் காய்ந்திருந்தது. கேபிள்காரரைப் பிடித்த விரல்கள் என்னை எப்படி விட்டன? கழுவிவிட்டுத் துணியில் துடைத்திருப்பேன் என்று நம்பினாரா? அல்லது ஒரு குடத்தையும் ஒரு குழந்தையையும் பார்த்துவிட்டு மன்னித்தாரா? மன்னித்ததற்காக அந்த மூன்று நாளும் அவரும் என்னைப்போலவே தூங்காமல் இருந்தாரா?

இப்போது நாங்கள் வேறு பகுதியில், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் அடுக்குமாடியில் இருக்கிறோம். இங்கே தண்ணீர் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, யாரும் கழுவுவதில்லை. லிஃப்டில் நிலாவின் கன்னத்தைக் கிள்ளும் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "கை" என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோ காலில் வருவார். மணி அடித்ததும் முதலில் குழாயடிக்கு ஓடுகிறேன். சொட்டச் சொட்ட ஈரக் கையோடுதான் போனை எடுக்கிறேன். "நிலா அம்மா எப்பவும் பாஸ்" என்கிறார். திரையெல்லாம் நனைந்து, அவர் முகம் சரியாகத் தெரிவதில்லை.

அடுத்த வாரம் முழங்கால் ஆபரேஷனுக்குப் போகிறார். அதற்கு முன் போய்ப் பார்க்கப் போகிறேன். அன்று என் கை காய்ந்திருந்தது என்று சொல்லிவிடட்டுமா? சொன்னால் என் பாரம் இறங்கும். அவர் தலையில் ஏறுமோ என்று பயமாக இருக்கிறது. படிக்கிறவர்களில் யாராவது என்னைவிடத் தெளிவானவர் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.