பிரேக் சென்சாரும் மொத கேஜும்

காரை விற்கவே மாட்டேன் என்று தங்கச் சுரங்கத்து மைசூர் மைன்ஸ் குவார்ட்டர்ஸ் ரோனி தீர்மானம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்த கையோடு. தீர்மானத்தை வாசலில் நின்று காரிடம்தான் சொன்னான். பெண்டாட்டி ஃப்ளோராவிடம் சொல்கிற தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

கார் பழசு. அந்த மாடலைக் கம்பெனிக்காரனே மறந்து ரொம்ப காலம் ஆயிற்று. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும், வைப்பர் போட்டால் ரேடியோ பாடும். அதையெல்லாம் ஃப்ளோரா பொறுத்துக்கொண்டாள். டேஷ்போர்டில் பிரேக் விளக்கு சிவப்பாய் எரிய ஆரம்பித்ததும்தான் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, எரிஞ்சிகினே கீது?"

"அது சென்சாரு. பிரேக்கு நல்லாத்தான் கீது."

"நல்லா கீற பிரேக்குக்கு எதுக்கு செவப்பு லைட்டு?"

நியாயமான கேள்விதான். பிரேக் கட்டைக்குள்ளே மெல்லிசாய் ஒரு ஒயர் இருக்கும். கட்டை தேயத் தேய அந்த ஒயரும் தேய்ந்து அறுந்துபோகும், உடனே விளக்கு எரியும். அதுதான் சென்சார். இதையெல்லாம் ரோனி விலாவாரியாய் விளக்கினான். விளக்கினானே தவிர மாற்றவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மழைக்காலமே போய்விட்டது.

ஃப்ளோரா பூதிகோட்டையில் டீச்சர். பசங்களுக்கு எத்தனை தடவை சொல்லலாம், எப்போது சொல்வதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலேயே முடித்துவிட்டாள். பெங்களூரில் பழைய கார் வாங்கி விற்கிற அவளுடைய தம்பி ஜாய் அடுத்த ஞாயிறு வருகிறானாம். அன்றைக்கும் விளக்கு எரிந்தால் சாவி அவன் கைக்குப் போய்விடுமாம்.

ரோனி வாசலுக்குப் போய்க் காரிடம் தீர்மானத்தைச் சொன்னது அப்போதுதான். வீட்டில் டிவி ரிமோட் அவள் கையில், பீரோ சாவி அவள் இடுப்பில், அவன் தலைக்கு எவ்வளவு எண்ணெய் என்பதுகூட அவள் தீர்மானம். உலகத்திலேயே அவன் கையில் இருந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் அப்புறம் என்ன ஆம்பளை என்று நொந்துகொண்டான்.

சென்சாரைத் தேட ஆரம்பித்தான். ராபர்ட்சன்பேட்டையில் கடைக்காரர் கன்னடத்தில் "சிகல்ல சார்", கிடைக்காது என்றார். பங்காரப்பேட்டைக்காரர் அதையே தெலுங்கில் சொன்னார். ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒன்றுமே சொல்லாமல் வெளியே வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டார். கடைசியில், தினமும் ரயிலில் போய்வருகிற பெங்களூரில் ஒருநாள் வேலை முடிந்து சிவாஜிநகர் சந்தில் அலைந்தபோது பழைய சாமான் கடைக்காரர் ஒருத்தர் கோணிக்குள் கையை விட்டு வேறு ஏதோ காரின் சென்சாரை எடுத்துக் கொடுத்தார். வேலை ஒன்றுதானாம், தலைதான் கொஞ்சம் பருமன், சாக்கெட்டும் சேராது, வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதானாம். ரோனி அதைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்து ரயில் நெடுக தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டான். ஃப்ளோரா ஸ்கூலுக்குப் போனதும் சக்கரத்தைக் கழற்றினான். சென்சார் தலை கட்டைக்குள் நுழைய மாட்டேன் என்றது. ஒயர் ஒரு சாண் குறைந்தது. பிரேக் கட்டையோ டீயில் நனைத்த பிஸ்கெட் கணக்காய்த் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றியாக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோனி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சென்சாரைத் தூக்கி ஓரமாய்ப் போட்டுவிட்டு, கார்ப்பக்கம் இருந்த இரண்டு ஒயரையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி டேப் சுற்றிவிட்டான். விளக்கு பட்டென்று அணைந்தது. திருட்டுத்தனத்துக்கு மட்டும் எல்லாமே எவ்வளவு சுலபமாய் நடக்கிறது பாருங்கள்.

சாயங்காலம் ஃப்ளோரா வந்து பார்த்தாள். விளக்கு இல்லை. கட்டை, சென்சார் எல்லாம் புதுசா என்று கேட்டாள். எல்லாம் புதுசு என்றான். "கெட்டிக்காரருதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் இட்லியோடு கறிக்குழம்பு. பண்டிகை இல்லாத நாளில் கறியைக் கண்டதும் ரோனிக்குத் தலைகால் புரியவில்லை. வாய் தானாய்த் திறந்துகொண்டது.

"எங்கப்பா மைன்ஸ் ஷாஃப்ட்ல ஃபிட்டரு, தெரியுமில்ல? ஆளுங்கள கீழ எறக்குற கேஜுக்குப் பிரேக்கு கட்டுனாருன்னா மொத கேஜ்ல அவரேதான் எறங்குவாரு. கை வச்சவன்தான் மொதல்ல ஏறணும். அந்த ரத்தம்தான் இது."

ஃப்ளோரா கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ வாங்க, மொத கேஜ் போயிட்டு வரலாம்."

போனவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ரோனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் தினமும் ரயிலில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸே வாங்கிவிட்டாளாம். சும்மா கத்துக்கிட்டேன் என்றாள். கேஜில் இறங்குகிறவன் வேறு, ஓட்டுகிறவன் வேறுதானே என்றும் கேட்டாள். ரோனி பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அது பத்தாமல் கதவையும் பிடித்துக்கொண்டான்.

முதல் கியரில் கார் நகர்ந்தது. சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டை ஒட்டிப் போனால் ஒரு திருப்பம் வரும், அதைத் தாண்டினால் இறக்கம். ஊரில் எல்லாரும் நடந்து போகிற வேகம்தான், ரோனிக்கோ ஷாஃப்டில் கேஜ் கயிறு அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. ஏசப்பா என்றான். திருப்பம் தெரிந்ததும் மானம் மரியாதையை விட்டுவிட்டான்.

"ஃப்ளோரா, நிறுத்து. அதுல சென்சாரே இல்ல. கட்டையும் பழசுதான். ஒயர முறுக்கி உட்டுட்டேன்."

கார் திருப்பத்துக்கு முன்னாலேயே ஓரமாய் நின்றது. ஃப்ளோரா முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும். சென்சாரு துணி தோய்க்கிற கல்லு மேலதான கீது. நேத்தே பாத்துட்டேன். எறக்கத்துல எறங்க நான் இன்னா லூசா? நீங்களா வாயத் தொறக்கறீங்களான்னுதான் பாத்தேன்."

அன்றைக்குப் பூரா ரோனி வேலை செய்தான். ராபர்ட்சன்பேட்டையில் புதுக் கட்டை கிடைத்தது. சென்சார் தலையை அரத்தால் ராவி ராவிக் கட்டைக்குள் உட்கார வைத்தான். முறுக்கின ஒயரைப் பிரித்து, பழைய சாக்கெட்டில் விட்டிருந்த ஒரு சாண் ஒயரைப் புது சென்சாரோடு சேர்த்துப் பற்றவைத்தான். ஃப்ளோரா ஒயரைப் பிடித்துக்கொண்டாள், நடுநடுவே மோரும் கொடுத்தாள். ஒட்டின இடத்துக்கு ரப்பர் உறை மாட்டி, சக்கரத்தில் உரசாமல் கட்டினான். விளக்கு அணைந்தது, இந்தத் தடவை நிஜமாய். இறக்கத்தில் அவனே ஓட்டிப் பார்த்தான். கார் சொன்ன இடத்தில் நின்றது. ரோனிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜாய் வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ரோனி வழியை மறித்துக்கொண்டு, காரைக் கொடுக்கிற மாதிரி இல்லை, மன்னிச்சுக்கோ என்றான்.

ஜாய் முழித்தான். "எந்தக் காரு மாமா? அக்கா பிரியாணிக்குத்தான கூப்டுச்சு."

ரோனி திரும்பிப் பார்த்தான். ஃப்ளோரா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, விக்கிறேன்னு சொல்லாமல் வேறு எப்படிச் சொன்னால் நீங்கள் சக்கரத்தில் கை வைப்பீர்கள் என்று கேட்டாள். ஏமாந்ததுகூட ரோனிக்கு வலிக்கவில்லை. கார் தங்கிவிட்டது, அது போதும். அன்றைக்கு இரண்டு தட்டு கூடவே சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை டிபன் கேரியரோடு வெளியே வந்தான். கார் ஸ்டார்ட் ஆகி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஃப்ளோரா உட்கார்ந்திருந்தாள், தலை வாரி, பூ வைத்து, பூதிகோட்டைக்குப் புறப்பட்ட கோலத்தில். பஸ்ஸில் இடிபட்டது போதுமாம், பிரேக் சரியாகட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தாளாம்.

"அப்போ நான்?" என்றான் ரோனி.

"ஸ்டேஷன்ல எறக்கி உட்டுடறேன், பின்னாடி ஏறுங்க. முன்னாடி எங்க ஸ்கூல் டீனா டீச்சர் வர்றாங்க."