ஹேமநாதன் கேபிள் இழுத்த கதை

அந்தக் காரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹேமநாதன் முடிவு செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு, காருக்குப் பதினெட்டு. இருவருக்கும் முன்பக்கம் வெளுத்திருந்தது. இருவருக்கும் காலையில் கிளம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளம்பிவிட்டால் நிற்காது என்பது ஹேமநாதனின் கருத்து. நின்றுவிட்டால் கிளம்பாது என்பது அவர் மனைவி புஷ்பவள்ளியின் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில்தான் பேச்சு எழுந்தது. புதுக் கார் வாங்கியாகிவிட்டது. வீட்டு முன்னால் கூரை போட்ட போர்ச்சில் ஒரு கார்தான் நிற்கும். புதுசு தெருவில் வெயிலில் காய்கிறது, பழசு நிழலில் சொகுசாக நிற்கிறது. ரெங்கத்தில் இருக்கும் புஷ்பவள்ளியின் தம்பி ரூபேந்திரனோ கல்யாண வீடுகளில் மைக் பிடித்து அறிவிப்பு செய்கிறவன், இன்னும் மோட்டார் சைக்கிளில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு அலைகிறான். பழசை அவனுக்குக் கொடுத்துவிடலாம். இவ்வளவையும் புஷ்பவள்ளி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஹேமநாதன் மீன் முள் ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்த வீட்டில் அவர் மறுப்பு தெரிவிக்கும் முறை அதுதான்.

“அதை வச்சிக்கிட்டு நீங்க என்ன செய்யப் போறீங்க?” என்றாள் புஷ்பவள்ளி. “ஒழுங்கான ரேடியோகூடக் கிடையாது. ஆம்ப் கீம்ப் போட்டு, பாட்டைத் தெறிக்க விட்டுட்டு ஓட்டற ஆளா நீங்க? அதெல்லாம் எளவட்டப் பசங்க வேலைலா. உங்களால ஆகாது.”

கடைசி வார்த்தை அவர் தொண்டையில் மாட்டியது. முள்ளை எடுத்துவிடலாம், இதை எடுக்க முடியவில்லை.

ஹேமநாதன் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக மின்சாரப் பிரிவில் வேலை பார்ப்பவர். தொடை கனத்துக்குக் கேபிள் இழுத்தவர். அவர் கைபட்டு ஓடும் மோட்டார்களில் சில இந்த வீட்டைவிடப் பெரியவை. அப்படிப்பட்டவரைப் பார்த்து, சுண்டுவிரல் கனத்தில் ஒரு கேபிள் இழுக்க ஆகாது என்பதா?

அங்கேயே, ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, அவர் தீர்மானித்தார். பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப்பைக் காரில் பொருத்தியே தீருவது. வெறும் காரை யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம். ஒருவன் தன் கையால் கேபிள் இழுத்து, ஆம்ப் பூட்டி, ஸ்பீக்கர் வைத்த காரைக் கொடு என்று எந்த மனைவி கேட்பாள்? அப்புறம் அது கார் இல்லை, அவன் சொத்து.

தனியாக இருக்கும்போது அவர் தன்னையே கேட்டுக்கொள்வதுண்டு. பதினெட்டு வருஷத்து இரும்புக்கு ஏன் இத்தனை ரோஷம்? பதில் அவருக்குத் தெரியும், வெளியே சொல்லத்தான் வெட்கம். வீட்டில் மூன்று அறைகள். எந்த அறையில் எந்தத் திரைச்சீலை, எந்த மூலையில் எந்த நாற்காலி, எல்லாம் புஷ்பவள்ளியின் முடிவு. நல்ல முடிவுகள்தான், குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் குறை. ஷிப்ட் முடிந்து வந்து போர்ச்சில் காரை நிறுத்திய பிறகு, கதவைத் திறக்காமல் அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒன்றும் செய்ய மாட்டார். கண்ணாடியை இறக்குவதா ஏற்றுவதா என்பது அங்கே அவர் முடிவு. அந்த அரைமணி போய்விட்டால் அவரிடம் அவருக்கென்று மிஞ்சுவது பல் துலக்கும் நேரம் மட்டும்தான். அப்போதும் புஷ்பவள்ளி கதவைத் தட்டுவாள்.

வேலையிடத்து நண்பர் ஒருவர் கழற்றி வைத்திருந்த ஆம்ப்பும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. “வேணாம்னு சொன்னா கேக்கவே மாட்டீங்க,” என்று புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். அது ஹேமநாதனுக்கு மாலை போட்டதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பம். தொழிற்சாலை ஒழுங்கு எதையும் அவர் விடவில்லை. பாதுகாப்புக் காலணி, கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டார். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றித் துணியில் சுற்றினார். அதன் மேல் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். வேலையிடத்தில் அதை டேக் என்பார்கள். ‘தொடாதே’ என்று அச்சடித்திருக்கும். கீழே மூன்று வரிகள்: பெயர், தேதி, காரணம். மூன்றையும் அழகான கையெழுத்தில் நிரப்பினார். வீட்டில் இருந்தது அவரும் புஷ்பவள்ளியும் ஒரு பல்லியும்தான். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான்.

கேபிள் போகவேண்டிய வழி காகிதத்தில் எளிது. பேட்டரி முன்னால், ஆம்ப் பின்னால், சாமான் வைக்கும் பூட் பகுதியில். நடுவில் ஒரே ஒரு தடை. எஞ்சின் இருக்கும் இடத்துக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் இடையே ஓர் இரும்புச் சுவர், ஃபயர்வால். எஞ்சினில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களைச் சுடாமல் காப்பது. அதைத் தாண்டிக் கேபிளைக் கொண்டுபோக வேண்டும். கண்ட இடத்தில் துளை போட்டால் இரும்பு விளிம்பு கேபிளின் தோலை அறுத்துவிடும், பிறகு தீ உள்ளிருந்தே வரும். ஏற்கெனவே ரப்பர் வளையம் போட்ட துளை ஒன்று இருக்கும், அதன் வழியாகத்தான் போக வேண்டும். இதெல்லாம் ஹேமநாதனுக்கு மனப்பாடம். துளை எங்கே என்பது மட்டும் தெரியவில்லை.

துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்திக் கம்பியாக்கி, நுனியில் கேபிளைக் கட்டி, இருட்டுக்குள் செருகினார். கம்பி போனது. போய்க்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓடிவந்து செருகினார். மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தார். பதினோரு மணிக்குள் காரை நாற்பது தடவை சுற்றியிருப்பார். அடுத்த வீட்டு மலாய்க்காரர் பாக் சமாட், கோயிலைச் சுற்றுவதுபோல் காரையும் சுற்றுவார்கள்போல என்று நினைத்தோ என்னவோ, கேட்டருகே மரியாதையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தள்ள, ஒருவர் உள்ளிருந்து இழுக்க. தொழிற்சாலையில் அவர் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. இன்று யாரைக் கூப்பிடுவது? ஆகாது என்று சொன்னவளையேவா? மாட்டார். துளைபோடும் கருவியைக் கையில் எடுத்தார். இரும்பில் ஓர் இடத்தைக் குறிபோட்டார். தான் முப்பது வருஷமாகச் செய்யாதே என்று சொன்னதைத் தானே செய்யப் போகிறோமே என்று ஒருகணம் நின்றார்.

“என்னங்க.” காப்பிக் கோப்பையோடு புஷ்பவள்ளி. “நான் உள்ள உக்காந்துக்கட்டா?”

வேண்டாம் என்றார். சரி என்று கோப்பையை எஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே ஏறி, முன்சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் தலையை விட்டுக்கொண்டாள். இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர்.

“இங்க ஒரு ரப்பர் மூடி இருக்கு. நீங்க குத்தறது ரொம்பக் கீழ. ஒரு சாண் மேல வாங்க.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா மேல வாங்க.”

ஒரு சாண் மேலே வந்தார். கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“புடிச்சிட்டேன்,” என்றாள்.

“இழு.”

இழுக்கவில்லை. பிறகு குரல் வந்தது. “அந்தச் செவப்பு அட்டை எதுக்குங்க? இங்க நம்ம ரெண்டு பேர்தானே?”

கேபிளைப் பிடித்துக் குனிந்த நிலையில் ஹேமநாதனுக்கு முதுகு விண்ணென்றது. ஆனாலும் தொழிலைப் பற்றிக் கேட்கிறாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. உற்சாகமாக விளக்கினார். யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஓர் உயிர் அந்த அட்டையை நம்பி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம்.

“மேனேஜர் வந்தா?”

“மேனேஜர் இல்ல, மந்திரி வந்தாலும் தொட முடியாது.”

“நீங்க தொட்டதே இல்லையா, மத்தவங்களோடத?”

“ஒரு தடவைகூட இல்ல. அதைத் தொட்டா அன்னைக்கே நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல.”

“அப்படியா,” என்றாள் புஷ்பவள்ளி. இழுத்தாள். கேபிள் சரசரவென்று ஓடியது.

அதன் பிறகு எல்லாம் வெண்ணெய். ரப்பர் வளையத்தைச் சுற்றி அடைத்தார். கேபிளுக்குப் பிளாஸ்டிக் குழாய் போர்த்தினார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் வைத்தார். தரைவிரிப்புக்கு அடியில் பின்னால்வரை கொண்டுபோய் ஆம்ப்பில் பூட்டினார். இரண்டு மணிக்குத் தன் டேக்கைத் தானே கழற்றி, முனையை மாட்டி, பாட்டைப் போட்டார்.

தவில் முதல் அடி விழுந்ததும் போர்ச்சின் தகரம் அதிர்ந்தது. பாக் சமாடின் பூனை சுவரிலிருந்து குதித்து ஓடியது. ஹேமநாதன் சத்தத்தை இன்னும் கூட்டினார். இது என் கார், என்றார். ஒருவருக்கும் கேட்கவில்லை, அவருக்கே கேட்கவில்லை. ஆனாலும் மூன்று தடவை சொன்னார். வாழ்க்கையில் ஒரு காரியத்தை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், செய்து முடித்துவிட்டார்.

குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மசாய் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று வெளியே வந்தார். சாவியைத் திருப்பினார். ஒரு விளக்கும் எரியவில்லை. எஞ்சினை மூடும் பானட்டைத் திறந்தார்.

மைனஸ் முனை கழற்றித் துணியில் சுற்றப்பட்டிருந்தது, அவர் சுற்றியதைவிட நேர்த்தியாக. அதன் மேல் சிவப்பு அட்டை. பெயர்: புஷ்பவள்ளி. தேதி: இன்று. காரணம்: தம்பி வரும்வரை.

“புஷ்பா!”

வாசலுக்கு வந்தாள், கை துடைத்தபடி. அவர் நியாயம் கேட்டார், நீண்ட நேரம் கேட்டார். இது தன் கார் என்றார். தன் ஆம்ப் என்றார். தன் பெட்டியில் இருந்த டேக் என்றார். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

“எல்லாம் உங்களோடதுதான். எடுத்துப் போடுங்க. நானா கையப் புடிச்சிருக்கேன்?”

பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். இரண்டு திருகு. பத்து வினாடி வேலை. கையை நீட்டினார். அட்டையில் ‘தொடாதே’ என்ற எழுத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. கை பின்னால் வந்தது. மறுபடி நீட்டினார். மறுபடி வந்தது.

“உள்ளபடி சொல்றேன்,” என்றார் கடைசியில், குரல் இறங்கி. “இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கற எடம் இது ஒண்ணுதான்.”

“தெரியும். தெனமும் அரைமணி நேரம் இங்க உக்காந்திருக்கீங்க,” என்றாள். “உள்ள நான் தட்டப் போட்டுட்டு, ஜன்னல் வழியா பாத்துட்டே உக்காந்திருக்கேன். அந்த அரைமணி எனக்கும் போகுதுல்ல?”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக அந்த ஜன்னல் அங்கே இருக்கிறது, ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தோமா என்று யோசித்தார். ஆனால் மனம் இளகினாலும் கார் கார்தான். விடுவதில்லை. தம்பி வரட்டும், அவனிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று ஸ்பேனரோடு நின்றார்.

நாலு மணிக்கு ரூபேந்திரன் வந்தான். நேராகப் பின்பக்கம் போய் பூட் கதவைத் திறந்து, ஆம்ப்பைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

“அலமாக்! கடையிலகூட இவ்ளோ சுத்தமாச் செய்ய மாட்டானுங்க அத்தான். அக்காகிட்ட, சவுண்டு இல்லாத காரு எனக்கெதுக்குக்கா, கல்யாண வேலைக்கு ஆகாதேன்னேன். அத்தான் போட்டுத் தருவாருடான்னு அக்கா சொன்னப்போ நான் நம்பவே இல்ல.”

ஹேமநாதன் சொல்ல வைத்திருந்ததை விழுங்கினார். “எப்போ சொன்னா?”

“போன மாசம்.”

அவர் தீர்மானம் செய்தது போன ஞாயிறு. அந்தச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்த்தார். மீன். முள். ரசம். ஆம்ப் என்ற வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று யோசித்தார். பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

புஷ்பவள்ளி வந்து, ஒழுங்குப்படி, தன் டேக்கைத் தானே கழற்றினாள். கார் போனது. கேபிள் நன்றாகத்தான் இழுக்கப்பட்டிருந்தது. தெருமுனை திரும்பிய பிறகும் தவில் கேட்டது.

மறுநாள் காலை ஷிப்ட். புதுக் காரைத் தொட மனமில்லாமல் தொழிற்சாலை பஸ்ஸில் போனார், பஸ்ஸில் வந்தார். வரும் வழியில், சுமார் மூன்றரை மணிக்கு, புது யோசனை ஒன்று உதித்தது. கார் போனால் என்ன, கார் நின்ற இடம் எங்கே போகும்? புதுசு இன்னும் தெருவில்தான் நிற்கிறது. கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து போர்ச்சின் நட்டநடுவில் போடுவது. அரைமணி வேண்டாம், முக்கால் மணி உட்காருவது. யார் கேட்பது?

இறங்கியதும் வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டு வழியாகக் கொல்லைக்குப் போனார். நாற்காலி அங்கேயே இருந்தது. அதன் முதுகில் சிவப்பு அட்டை தொங்கியது.

பெயர்: புஷ்பவள்ளி. காரணம்: சோறு ஆறுது.

தேதியைப் பார்த்தார். நேற்றைய தேதி.